மக்கா – ஜெருசலம்: 1,240 கிலோமீட்டர் யாருக்கு எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் கைப்பேசி நொடியில் பதில் சொல்லிவிடும். நேர்கோட்டில் சுமார் 4,450 கி.மீ. நேரடி விமானமாக இருந்தால் ஐந்தரை முதல் ஆறு மணி நேரம். உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்களுக்கு இது மனப்பாடமான கணக்கு. எங்கே இஹ்ராம் அணிவது, மீக்காத் எல்லையை எப்போது கடப்போம், பெரியவர்களுக்கு எந்த நேரத்து விமானம் தோது என்பதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்கிறோம்.

அதே கைப்பேசியில் மக்காவுக்கும் ஜெருசலத்துக்கும் இடையே உள்ள தூரத்தைத் தேடிப் பாருங்கள். நேர்கோட்டில் சுமார் 1,240 கி.மீ. என்று வரும். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே உள்ள தூரத்தைவிட இது குறைவு. வானில் நேராகப் பறந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் ஜெருசலத்தைச் சுற்றி வாழும் முஸ்லிம்களுக்கு அந்த இரண்டு மணி நேரப் பயணம் கிடைப்பதில்லை. அதே நிலப்பரப்பின் மேல் மற்றவர்களின் விமானங்கள் பறப்பதோ ஆண்டுக்கு ஆண்டு எளிதாகி வந்திருக்கிறது.

"தூரம் குறைந்தது", "பயண நேரம் மிச்சம்" என்று சில ஆண்டுகளாக வரும் மத்திய கிழக்குச் செய்திகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை இந்த இரு நகரங்களை வைத்தே பார்ப்போம்.

ஓர் இரவில் கடந்த வழி

மக்காவையும் ஜெருசலத்தையும் சேர்த்துச் சொல்லும்போது நம் நினைவுக்கு முதலில் வருவது இஸ்ரா பயணம். திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மஸ்ஜிதுல் ஹராமிலிருந்து மஸ்ஜிதுல் அக்ஸாவுக்கு ஓர் இரவில் சென்று வந்ததாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தபோது, குறைஷிகள் எள்ளி நகையாடியதற்குக் காரணமே தூரம்தான். ஒட்டகத்தில் போக ஒரு மாதம், திரும்ப ஒரு மாதம் ஆகும் வழி அது. வணிகத்துக்காக ஷாம் தேசம் போய் வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அபூபக்ர் (ரலி) அவர்கள் மட்டும் தயங்காமல் நம்பினார்கள்.

மனிதர்களின் பயணத்தில் அந்த ஒரு மாதம் வெகுகாலம் குறையவே இல்லை. முதல் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்தது ஹிஜாஸ் ரயில் பாதை. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில் 1900இல் வேலை தொடங்கி, 1908இல் திமிஷ்கிலிருந்து மதீனா வரை சுமார் 1,300 கி.மீ. தூரத்துக்கு ரயில் ஓடியது. உலகெங்கும் உள்ள முஸ்லிம்கள் இதற்கு நன்கொடை தந்தார்கள். இந்திய முஸ்லிம்களின் பணமும் அதில் இருந்தது. ஏறக்குறைய 40 நாட்கள் பிடித்த ஒட்டகப் பயணம் சில நாட்களாகச் சுருங்கியது. முதல் உலகப் போரில் அந்தப் பாதை தகர்க்கப்பட்டது. போருக்குப் பின் புதிய எல்லைகள் வரையப்பட்டன. ஒரே பாதை பல நாடுகளின் கையில் துண்டு துண்டாகிப் போனது.

இன்று மக்காவுக்குப் போகிறவர்கள் ஜித்தாவில் இறங்குகிறார்கள். ஜெருசலத்துக்கு அப்படி ஒரு விமான நிலையம் இருக்கிறதா? ஒரு காலத்தில் இருந்தது.

இழந்த இரண்டு விமான நிலையங்கள்

ஜெருசலத்துக்கும் ரமல்லாவுக்கும் நடுவே கலந்தியா என்ற இடத்தில் அந்த விமான நிலையம் இருந்தது. 1967க்கு முன்பு, ஜோர்தானின் ஆட்சியில் இருந்தபோது, அங்கிருந்து பெய்ரூட், அம்மான் போன்ற நகரங்களுக்கு விமானங்கள் பறந்தன. 1967 போரில் இஸ்ரேல் அதைக் கைப்பற்றியது. பின்னர் உள்ளூர் விமானங்களுக்கு மட்டும் பயன்பட்டு, 2000இல் இரண்டாம் இன்திஃபாதா தொடங்கியதோடு மூடப்பட்டது. இன்று கலந்தியா என்றால் உலகம் நினைப்பது விமானத்தை அல்ல. ஃபலஸ்தீனர்கள் வரிசையில் காத்து நிற்கும் சோதனைச்சாவடியைத்தான். பழைய விமான நிலைய நிலத்தில் யூதக் குடியிருப்புகள் கட்டும் திட்டமும் இஸ்ரேலிடம் இருக்கிறது.

இரண்டாவது, காஸாவின் தெற்கே ரஃபா அருகில் கட்டப்பட்ட விமான நிலையம். ஒஸ்லோ ஒப்பந்தங்களுக்குப் பின் ஜப்பான், எகிப்து, சவூதி அரேபியா, ஸ்பெயின், ஜெர்மனி, மொராக்கோ போன்ற நாடுகளின் உதவியோடு எழுந்தது. 1998 நவம்பர் 24 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் அங்கு வந்து யாசர் அரஃபாத்தைச் சந்தித்தார். ஃபலஸ்தீனர்களுக்குச் சொந்தமாக ஒரு வானவாசல் கிடைத்துவிட்டது என்று அந்த மக்கள் மகிழ்ந்த நாட்கள் அவை.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 2001 டிசம்பரில் இஸ்ரேல் அதன் ராடாரையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் தாக்கி அழித்தது. அடுத்த மாதம் புல்டோசர்கள் ஓடுபாதையைக் கிழித்தன. அங்கிருந்து ஜித்தாவுக்கு நேர்கோட்டில் சுமார் 1,200 கி.மீ.தான். ஒரு ஹாஜி காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டு லுஹருக்கு மக்காவில் இருந்திருக்கலாம்.

வானத்துக்கும் உரிமையாளர் உண்டு

வானம் எல்லோருக்கும் பொதுதானே, விமானம் ஏன் நேராகப் பறக்கக் கூடாது என்று கேட்கலாம். 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் இதற்குப் பதில் சொல்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளி மீது முழு உரிமை உண்டு என்பதே அதன் முதல் விதி. ஆகவே இரண்டு நகரங்களுக்கு இடையே பறக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை வரைபடம் மட்டும் முடிவு செய்வதில்லை. நடுவில் இருக்கும் நாடுகள் யாரை அனுமதிக்கின்றன, யாரை மறுக்கின்றன என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

இதை வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் நேரில் பார்த்தார்கள். தோஹாவுக்கும் துபாய்க்கும் இடையே சுமார் 380 கி.மீ.தான்; ஒரு மணி நேரப் பயணம். 2017 ஜூன் 5 அன்று சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு நாடுகளும் கத்தாருடன் உறவை முறித்தன. மறுநாளிலிருந்து அண்ணன் தோஹாவிலும் தம்பி துபாயிலும் இருந்த குடும்பங்கள் மஸ்கட் வழியாகவோ குவைத் வழியாகவோ சுற்ற வேண்டியதாயிற்று. இரண்டு விமானங்கள், நடுவில் காத்திருப்பு என்று ஒரு மணி நேரப் பயணம் அரை நாளைத் தின்றது. கத்தார் இந்த வழக்கைச் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு வரை கொண்டு சென்றது. வழக்கை விசாரிக்க அந்த அமைப்புக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. 2021 ஜனவரியில் அல் உலா உச்சி மாநாட்டில் சமரசம் ஏற்பட்ட பிறகுதான் வானம் திறந்தது. முற்றுகையிட்டவர்களும் முற்றுகைக்கு உள்ளானவர்களும் முஸ்லிம் நாடுகளே என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. டெல்லிக்கும் லாகூருக்கும் இடையே சுமார் 420 கி.மீ. சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் போன்றதுதான். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது டெல்லியிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கா செல்லும் விமானங்கள் சுற்றிப் போயின. ஜூலையில் மீண்டும் திறக்கும்வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் பல நூறு கோடி ரூபாய் இழப்பு. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் இரு நாடுகளும் மீண்டும் வானத்தை ஒருவருக்கொருவர் மூடிக்கொண்டன.

ஒரே தூரம், இரண்டு வழி

டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் டெல் அவிவ் நகருக்கு நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுமே சுமார் 4,050 கி.மீ. ஆனால் இஸ்ரேலின் எல் அல் நிறுவனம் மும்பைக்குப் பறக்கும்போது நேராக வர முடியவில்லை. இஸ்ரேலுக்குப் போகும், வரும் விமானங்களுக்கு சவூதி அரேபியா சுமார் 70 ஆண்டுகள் தன் வானத்தை மூடி வைத்திருந்தது. எனவே செங்கடல் வழியாகத் தெற்கே இறங்கி, ஏடன் வளைகுடாவைக் கடந்து, அரபிக் கடலைச் சுற்றித்தான் எல் அல் மும்பைக்கு வந்தது.

2018 மார்ச் 22 அன்று இந்த நிலை மாறியது. டெல்லியிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஓமான், சவூதி அரேபியா, ஜோர்தான் வானத்தின் வழியே டெல் அவிவ் போய்ச் சேர்ந்தது. இஸ்ரேலுக்குச் செல்லும் பயணிகள் விமானம் ஒன்று சவூதி வானில் பறந்தது அதுவே முதல் முறை. சுற்று வழியோடு ஒப்பிட்டால் சுமார் இரண்டு மணி நேரம் மிச்சம். இது தனக்கு அநீதி என்று எல் அல் தன் நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஏர் இந்தியாவுக்குக் கிடைத்த வழி அப்போது எல் அலுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்து மற்றவையும் திறந்தன. 2020 ஆகஸ்ட் 31 அன்று எல் அல் விமானம் ஒன்று டெல் அவிவிலிருந்து சவூதி வான் வழியாகவே அபூதாபியில் இறங்கியது. சுமார் 2,100 கி.மீ., மூன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். டிரம்பின் மருமகன் ஜேரட் குஷ்னர் அதில் இருந்தார். விமானத்தின் முகப்பில் அரபு, ஆங்கிலம், ஹீப்ரு ஆகிய மூன்று மொழிகளில் 'சமாதானம்' என்று எழுதியிருந்தது. அந்த விமானத்துக்கு இட்டிருந்த பெயர் 'கிர்யத் காத்'. அது இஸ்ரேலில் உள்ள ஒரு நகரத்தின் பெயர். 1949இல் மக்கள் வெளியேற்றப்பட்ட அல் ஃபலூஜா, இராக் அல் மன்ஷிய்யா ஆகிய ஃபலஸ்தீனக் கிராமங்களின் நிலத்தில் எழுந்த நகரம். சமாதானத்தைப் படம் பிடித்த கேமராக்களில் பல இந்தப் பெயரைக் கவனிக்கவில்லை. ஃபலஸ்தீனர்கள் கவனித்தார்கள்.

2022 ஜூலை 15 அன்று சவூதி அரேபியா எல்லா நாட்டு விமானங்களுக்கும் தன் வானத்தைத் திறப்பதாக அறிவித்தது. அதே நாளில் அதிபர் பைடன் இஸ்ரேலிலிருந்து நேராக ஜித்தா போய் இறங்கினார். வானத்தைத் திறந்ததற்கும் இஸ்ரேலுடன் உறவு வைப்பதற்கும் தொடர்பில்லை என்று சவூதி வெளியுறவு அமைச்சர் சொன்னார். 2023 பிப்ரவரியில் ஓமானும் திறந்தது. அத்தோடு இந்தியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இஸ்ரேலிய விமானங்கள் நேராகப் பறக்கும் பாதை முழுமையானது. 2023 அக்டோபருக்குப் பின் போரால் ஏர் இந்தியா உள்ளிட்ட நிறுவனங்கள் டெல் அவிவ் சேவையைப் பலமுறை நிறுத்தின. 

விமானம் நேராகப் பறப்பதில் தவறில்லை. எரிபொருள் குறைகிறது, நேரம் மிச்சமாகிறது, டிக்கெட் விலை இறங்க வழி கிடைக்கிறது. பயணம் எளிதாவதை மார்க்கமும் வெறுக்கவில்லை. ஆனால் ஒரு தரப்புக்கு 70 ஆண்டுத் தடை ஐந்தே ஆண்டுகளில் நீங்கியபோது, மறுதரப்பின் தடைகளில் எத்தனை நீங்கின என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

தரையில் என்ன நடந்தது?

ரமல்லாவிலிருந்து டெல் அவிவ் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 30 கி.மீ. மேற்குக் கரை ஃபலஸ்தீனர்களுக்குத் தனி அனுமதி இல்லாமல் அங்கே விமானம் ஏற வழியில்லை. அவர்கள் கிழக்கே திரும்பி, ஜோர்தான் ஆற்றின் மேலுள்ள பாலத்தைக் கடந்து அம்மானுக்குப் போக வேண்டும். இஸ்ரேல் அதை ஆலன்பி பாலம் என்கிறது. ஜோர்தான் மன்னர் ஹுசைன் பாலம் என்கிறது. ஃபலஸ்தீனர்கள் கராமா என்கிறார்கள். ஃபலஸ்தீன, இஸ்ரேலிய, ஜோர்தானியச் சோதனைகள் மூன்றையும் கடந்தாக வேண்டும். அம்மான் விமான நிலையம் நேர்கோட்டில் 80 கி.மீ.கூட இல்லை. பல வேளைகளில் ஒரு பகல் முழுவதும் இதிலேயே போய்விடும். பாலம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது இஸ்ரேலின் கையில் இருக்கிறது.

2022 ஆகஸ்டில் ஒரு மாற்று காட்டப்பட்டது. இஸ்ரேலின் தென்கோடியில் எய்லத் அருகே உள்ள ராமோன் விமான நிலையத்திலிருந்து சில ஃபலஸ்தீனர்கள் சைப்ரஸுக்குப் பறக்க அனுமதிக்கப்பட்டார்கள். அருகில் இருக்கும் நிலையத்தைக் கடந்து பாலைவனத்தின் மறுகோடிக்குப் போய் ஏற வேண்டும் என்பதையே சலுகை என்றார்கள். அந்தத் திட்டம் நிலைக்கவில்லை.

இஸ்ரேலின் குடிமக்களாக வாழும் ஃபலஸ்தீன முஸ்லிம்களின் நிலையும் விசித்திரமானது. 1970களின் பிற்பகுதியிலிருந்து அவர்கள் ஜோர்தான் தரும் தற்காலிகப் பயண ஆவணத்தில், ஜோர்தான் வழியாகத்தான் ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். டெல் அவிவிலிருந்து ஜித்தாவுக்கு நேரடி ஹஜ் விமானம் வரும் என்று 2022லும் 2023லும் பேச்சு அடிபட்டது. அந்த ஆண்டுகளில் எந்த ஹாஜியும் அப்படி ஏறவில்லை. பைடன் பறந்த வழியில் அவர்களால் பறக்க முடியவில்லை.

காஸாவின் நிலை இன்னும் கொடியது. விமான நிலையம் அழிந்த பின் அங்குள்ள ஹாஜிகள் ரஃபா எல்லையைக் கடந்து, சினாய் பாலைவனத்தின் சோதனைச்சாவடிகளைத் தாண்டி, கெய்ரோ போய், அங்கிருந்துதான் ஜித்தாவுக்குப் பறந்தார்கள். 2024 மே 7 அன்று ரஃபா எல்லையின் ஃபலஸ்தீனப் பக்கத்தை இஸ்ரேல் ராணுவம் கைப்பற்றியதும் அந்த வழியும் அடைபட்டது. அடுத்த மாதம் உலகமெல்லாம் அரஃபாவில் கூடியபோது காஸாவிலிருந்து ஹாஜிகள் புறப்பட முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்து, பெயர் பதிந்து காத்திருந்தவர்களில் பலர் அதற்குள் ஷஹீதாகியிருந்தார்கள்.

மக்காவை விட்டுவிடுவோம். காஸா நகரிலிருந்து மஸ்ஜிதுல் அக்ஸா சுமார் 78 கி.மீ. நம் ஊர்களில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். காஸாவின் பெரும்பாலான இளைஞர்கள் தங்கள் வாழ்நாளில் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். மேற்குக் கரையிலிருந்து வருகிறவர்களுக்கு வயதே ஒரு சோதனைச்சாவடி. 2024 ரமலானில் ஜும்ஆவுக்கு 55 வயதைத் தாண்டிய ஆண்களையும் 50 வயதைத் தாண்டிய பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் மட்டுமே, அதுவும் அனுமதியோடு, இஸ்ரேல் விட்டது. ஒரு வீட்டில் தாத்தா போகலாம், பேரன் போகலாம். நடுவில் இருக்கும் தகப்பன் போக முடியாது.

நமக்கு இதில் என்ன?

முதலாவது, இந்த நிலைமையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. 2023 அக்டோபருக்கு முன்பு தமிழகத்திலிருந்து ஜோர்தான், பைத்துல் முகத்தஸ், எகிப்து என்று சேர்த்து ஜியாரத் பயணங்கள் நடந்தன. போய் வந்தவர்கள் அக்ஸாவில் தொழுத மகிழ்ச்சியை நம்மோடு பகிர்ந்துகொண்டார்கள். காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ இந்திய பாஸ்போர்ட்டோடு போகும் ஒருவர் அங்கே தொழ முடிந்தது. 78 கி.மீ. தொலைவில் பிறந்தவரால் முடியவில்லை. போகலாமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அக்ஸாவைத் தனித்து விடக் கூடாது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ஆக்கிரமிப்பாளரின் விசாவோடு போவது அதை ஏற்பதாகிவிடும் என்று மறு சாரார் சொல்கிறார்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும், போய் வருகிறவர்கள் தொழுத இடத்தோடு சேர்த்து, தொழ முடியாமல் நின்றவர்களைப் பற்றியும் ஊரில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பயணத் தூரத்தை அரசாணை எப்படிக் கூட்டும் என்பதை நாமும் சிறிய அளவில் அனுபவித்திருக்கிறோம். 2022 ஹஜ்ஜுக்கான புறப்பாட்டு நிலையங்களின் பட்டியலில் சென்னை இல்லை. தமிழக ஹாஜிகள் கொச்சிக்குப் போய் விமானம் ஏறினார்கள். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு, பெட்டிகளோடு இன்னொரு மாநிலத்துக்குப் போவது எவ்வளவு சிரமம் என்று அப்போது எல்லோரும் பேசினோம். மாநில அரசும் முஸ்லிம் அமைப்புகளும் குரல் கொடுத்தன. 2023இல் சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டது. ஃபலஸ்தீனர்களின் துயரத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் இதிலிருந்து ஒன்று தெரிகிறது. ஓர் ஆணையால் கூடிய தூரத்தை இன்னோர் ஆணையால் குறைக்கவும் முடியும். அதற்கு, கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, செய்திகளைப் படிக்கும் முறை. இஸ்ரேலுக்கும் ஏதேனும் ஒரு முஸ்லிம் நாட்டுக்கும் இடையே புதிய விமானப் பாதை திறக்கிறது என்று இனியும் செய்தி வரலாம். எத்தனை மணி நேரம் குறைகிறது, எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்ற விவரங்களும் கூடவே வரும். அப்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. கராமா பாலத்தில் காத்திருக்கும் நேரம் குறைந்ததா? ரமல்லாவில் இருப்பவர் பக்கத்து விமான நிலையத்தில் ஏற முடிகிறதா? காஸாவின் ஓடுபாதை திரும்ப வருமா? 40 வயது தகப்பன் தன் மகனோடு அக்ஸாவில் ஜும்ஆ தொழ முடியுமா? வானத்தைத் திறந்துவிடும் நாடுகளுக்கு, அந்த அனுமதிக்குப் பதிலாக இவற்றைக் கேட்டுப் பெறும் வலு இருந்தது. சவூதியோ ஓமானோ மறுத்திருந்தால் இன்றும் எல் அல் ஏடன் வளைகுடாவைச் சுற்றித்தான் வந்திருக்கும். அந்த வலுவுக்கு ஈடாக ஃபலஸ்தீனர்களின் பயணத்தில் என்ன கிடைத்தது என்று பார்த்தால், காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

மக்காவுக்கும் ஜெருசலத்துக்கும் இடையிலான 1,240 கி.மீ. மாறவில்லை, மாறவும் போவதில்லை. ஒரு பக்கத்தில் கஅபாவும் மறு பக்கத்தில் முஸ்லிம்களின் முதல் கிப்லாவும் இருக்கும் வழி அது. அந்த வழியில் வாழும் மக்கள் அச்சமின்றிப் போய்வரும் நாளை வல்ல ரஹ்மான் விரைவில் தருவானாக. வீட்டில் பிள்ளைகளுக்கு மிஃராஜ் இரவைப் பற்றிச் சொல்லும்போது, புராக்கின் வேகத்தோடு சேர்த்து, கலந்தியாவில் வரிசையில் நிற்கும் அந்தக் குடும்பங்களைப் பற்றியும் நாம் சொல்லிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.